சேஃப்டி கமிட்டிக்கு யாரை போடணும், எப்படி போடணும் – பெங்களூரு ஃபேக்டரில வேலை பாக்குற நம்ம ஆளுங்களுக்காக

பீன்யா, பொம்மசந்திரா, ஜிகணி பக்கம் ஓரளவு பெரிய ஃபேக்டரி எதுக்குள்ள போனாலும் டைம் ஆபீஸ் பக்கத்துல சேஃப்டி கமிட்டி, அதாவது வேலையில ஆபத்து வராம பாத்துக்க ஒர்க்கரும் மேனேஜ்மென்ட்டும் சேர்ந்து உக்கார்ற குழு, அதோட மெம்பர்ஸ்னு ஒரு லிஸ்ட் ஒட்டியிருப்பாங்க. அதுல ஒர்க்கர் சைடுன்னு போட்டிருக்கற பேரெல்லாம் யாருன்னு லைன்ல நிக்கறவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, நிறைய பேருக்கு தெரியாது. காரணம் ஒண்ணுதான், அந்த பேரெல்லாம் ஹெச்.ஆர் உக்காந்து எழுதினது, ஒர்க்கர்ஸ் தேர்ந்தெடுத்தது இல்ல. இந்த ஒரு விஷயத்தை மட்டும் சரி பண்ணிட்டா கமிட்டி பாதி உருப்பட்டுடும்னு நான் உறுதியா நம்பறேன், அதனால இந்த கைட்ல பெரும்பகுதி அதைப் பத்திதான் இருக்கும். நீங்க ஒர்க்கரா இருந்தாலும் சரி, சூப்பர்வைசரா இருந்தாலும் சரி, ஹெச்.ஆர்ல இருந்தாலும் சரி, படிங்க.

முதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்த்துடலாம். 1984 டிசம்பர்ல போபால்ல அவ்ளோ பெரிய கேஸ் லீக் நடந்துச்சு இல்லையா, அதுக்கு முன்னாடியே 1981ல அதே பிளான்ட்ல பாஸ்ஜீன்ங்கற விஷ வாயு லீக் ஆகி ஒரு தொழிலாளி இறந்து போனாரு, யூனியன்காரங்க ஆபத்து இருக்குன்னு சொல்லிட்டேதான் இருந்தாங்க, யாரும் காதுல போட்டுக்கல. அந்த பேரழிவுக்கு அப்புறம் 1987ல ஃபேக்டரீஸ் ஆக்ட்டை திருத்தி 41ஜி-னு ஒரு செக்ஷன் சேர்த்தாங்க. ஆபத்தான ப்ராசஸ் நடக்கற, ஆபத்தான பொருள் கையாள்ற ஃபேக்டரில எல்லாம் ஒர்க்கர் ஆளும் மேனேஜ்மென்ட் ஆளும் சம எண்ணிக்கையில இருக்கற சேஃப்டி கமிட்டி கட்டாயம்னு அதுல வந்துச்சு. உயிருக்கு ஆபத்து வரும்னு தோணினா ஒர்க்கரே எச்சரிக்கலாம்ங்கற உரிமை 41ஹெச்-ல வந்துச்சு. ஸ்டேட்ஸ் எல்லாம் பார்த்து ரூல்ஸ் எழுதிக்கறதுக்குன்னு இருக்கற மாடல் ரூல்ஸ்ல 250 பேர் வேலை பாக்குற ஃபேக்டரிக்கும் கமிட்டி வேணும்னு இருக்கு. பில்டிங் வேலைக்கு தனி சட்டம் 1996ல வந்தது, அதுல 500 பேர் கணக்கு.

இப்போ 2025 நவம்பர் 21ல இருந்து, பழைய தொழிலாளர் சட்டங்களை சேர்த்து எழுதின நாலு லேபர் கோடும் அமலுக்கு வந்துடுச்சு. அதுல நமக்கு வேண்டியது 2020ல பாஸ் ஆன ஓ.எஸ்.ஹெச் கோட், அதாவது தொழில் பாதுகாப்பு, ஆரோக்கியம், வேலைச் சூழல் பத்தின சட்டம். அதோட 22வது செக்ஷன்தான் சேஃப்டி கமிட்டிக்கு. எந்தெந்த மாதிரி இடத்துல கமிட்டி வைக்கணும்னு கவர்மென்ட் ஆர்டர் போடலாம், கமிட்டியில ஒர்க்கர் சைடு எண்ணிக்கை முதலாளி சைடை விட கொறையவே கூடாது, ஒர்க்கர் ஆளை ரூல்ஸ்ல சொல்லியிருக்கற முறையிலதான் தேர்ந்தெடுக்கணும், இதான் அதோட சாரம். கவனிங்க, “கொறையக் கூடாது”ன்னுதான் இருக்கு, கூட இருந்தா தப்பு இல்ல. சேஃப்டி ஆபீசரும் அதே செக்ஷன்லதான் வர்றாரு, முன்னாடி ஃபேக்டரில பொதுவா 1000 பேர் இருந்தாதான் கட்டாயம்னு இருந்தது இப்போ சாதாரண ஃபேக்டரிக்கு 500, ஆபத்தான ப்ராசஸ்னா 250, கட்டுமானத்துக்கு 250, சுரங்கத்துக்கு 100னு ஆயிடுச்சு. புது சட்டத்தோட முரண்படாத வரைக்கும் பழைய ரூல்ஸ் ஓடும், அதனால உங்க ஃபேக்டரிக்கு இன்னிக்கு தேதிக்கு எது பொருந்தும்னு பன்னேர்கட்டா ரோட்ல கார்மிக பவன்ல இருக்கற ஃபேக்டரீஸ் டிபார்ட்மென்ட்ல ஒரு தடவை கேட்டுக்கறது நல்லது.

இன்னொரு குழப்பத்தை இங்கயே தீர்த்துடறேன். பாலியல் தொந்தரவு புகாருக்கு 10 பேர் இருக்கற எல்லா இடத்துலயும் இருக்க வேண்டிய இன்டர்னல் கமிட்டி வேற, அது 2013 சட்டப்படி வர்றது, அதுக்கு தலைமை ஒரு பெண்தான், வெளியில இருந்து ஒரு ஆள் வேணும். முதலாளிக்கும் ஒர்க்கருக்கும் நடுவுல வர்ற பிரச்சனையை பேசற ஒர்க்ஸ் கமிட்டி வேற. கேன்டீன் கமிட்டி வேற. சில கம்பெனியில இதெல்லாத்துக்கும் அதே ஆறு பேரையே போட்டு ஒரே நாள்ல எல்லா மீட்டிங்கையும் முடிச்சுடறாங்க, அப்படி பண்ணாதீங்க, மெஷின்ல கை மாட்டாம தடுக்கற கார்ட் (தடுப்பு மூடி) இல்லன்னு பேச வேண்டிய நேரம் சாம்பார்ல உப்பு இல்லன்னு பேசியே போயிடும்.

மேனேஜ்மென்ட் சைடு யாரு

இது சுலபம், சீக்கிரம் சொல்லிடறேன். மாடல் ரூல்ஸ் பிரகாரம் தலைவரா ஒரு சீனியர் ஆபீசர், செக்ரட்டரியா சேஃப்டி ஆபீசர், ஃபேக்டரி டாக்டர் இருந்தா அவரு, அப்புறம் ப்ரொடக்ஷன், மெயின்டனன்ஸ், பர்சேஸ்ல இருந்து ஒவ்வொருத்தர். தலைவர்னா செலவுக்கு கையெழுத்து போடற அதிகாரம் இருக்கறவரா இருக்கணும், பிளான்ட் ஹெட் உக்காந்தா உருப்படும், “மேல கேட்டு சொல்றேன்”னு சொல்ற ஆளை உக்கார வச்சா ஒவ்வொரு பாயின்ட்டும் அடுத்த மீட்டிங்குக்கு தள்ளிப் போயிட்டே இருக்கும்.

பர்சேஸ் ஆளு எதுக்குன்னு நிறைய பேர் கேக்கறாங்க. க்ளவுஸ் எந்த தரத்துல வருது, ஷூ எந்த சைஸ்ல வருது, மாஸ்க் வெறும் துணியா இல்ல கெமிக்கல் ஆவிக்கு ஏத்த கார்ட்ரிட்ஜ் போட்டதான்னு முடிவு பண்றது அவருதான். ஷீட் மெட்டல் தூக்கறவனுக்கு பனியன் துணி க்ளவுஸ் வாங்கிக் கொடுத்தா அந்த எட்ஜ் க்ளவுஸையும் கிழிச்சு கையையும் கிழிக்கும், அதை அந்த பர்சேஸ்காரர் எதிர்லயே டேபிள் மேல போட்டு காட்டணும். அவரு ரூம்ல இல்லன்னா அது நடக்காது.

ஒர்க்கர் சைடு – இங்கதான் நிதானமா வேலை செய்யணும்

முதல் விதி, ஒர்க்கர் சைடு ஆளை ஒர்க்கர்ஸ்தான் தேர்ந்தெடுக்கணும். யூனியன் இருந்தா அவங்களோட பேசி, இல்லன்னா நேரா ஓட்டு போட்டு. சூப்பர்வைசர், லைன் லீடர், ஷிப்ட் இன்சார்ஜ் இவங்களை ஒர்க்கர் கணக்குல காட்டாதீங்க, டார்கெட் வாங்க வேண்டிய பொறுப்பு இருக்கறவரு மெஷினை நிறுத்துங்கன்னு சொல்றது கஷ்டம், அவரு நல்லவரா இருந்தாலும் கஷ்டம்.

ரெண்டாவது, மொத்த ஃபேக்டரிக்கும் பொதுவா ஓட்டு வைக்காதீங்க. அப்படி வச்சா எந்த செக்ஷன்ல தலை அதிகமோ அங்க இருந்தே எல்லாரும் வந்துடுவாங்க, அசெம்பிளில 200 பேர் இருப்பாங்க, உலோகத்துக்கு முலாம் பூசற ப்ளேட்டிங்ல 9 பேர் இருப்பாங்க, ஆனா ஆசிட் டேங்க் இருக்கறது ப்ளேட்டிங்ல. அதனால ஆபத்தை வச்சு சீட் பிரிங்க. பிரஸ் ஷாப்புக்கு ஒண்ணு, ப்ளேட்டிங் இல்லன்னா பெயின்ட் ஷாப்புக்கு ஒண்ணு, மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன் ஃபிட்டர் பசங்களுக்கு ஒண்ணு, ஸ்டோர்ஸ் லோடிங் ஃபோர்க்லிஃப்ட் சேர்த்து ஒண்ணு, அசெம்பிளி பேக்கிங்குக்கு ஒண்ணு. மொத்தத்துல ஒருத்தராவது நைட் ஷிப்ட் பாக்கற ஆளா இருக்கணும், ராத்திரியில ஆம்புலன்ஸ் ரூம் பூட்டியிருக்கா, டிரைவர் இருக்காரான்னு பகல் ஷிப்ட்காரனுக்கு தெரிய வாய்ப்பே இல்ல.

ஏன் செக்ஷன் வாரியா வேணும்னு இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, பவர் பிரஸ்ஸை எடுத்துக்கோங்க. ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனை ஒரே நேரத்துல அமுக்கினாதான் ராம், அதாவது மேல இருந்து அடிக்கற பாகம், கீழ இறங்கணும், அப்போ ரெண்டு கையும் அடி விழற டைக்கு (அச்சுக்கு) வெளியில இருக்கும், விரல் தப்பிக்கும். ஆனா மாசக் கடைசியில டிஸ்பேட்ச் பிரஷர் வரும்போது ஒரு பட்டன்ல டேப் சுத்தி நிரந்தரமா அமுக்கி வச்சிடுவாங்க, இன்னொரு கையால பட்டன், ஃப்ரீயான கையால பீஸ் எடுக்கறது, கணக்கு ஜாஸ்தி வரும். சில இடத்துல பட்டனையே விட்டுட்டு கால் பெடல். ஆடிட்டர் வர்ற அன்னிக்கு காலையில டேப்பை உரிச்சிடுவாங்க, பட்டன் ஓரத்துல அந்த பசை மட்டும் கருப்பா ஒட்டிட்டு இருக்கும். அந்த பசையை பார்த்து என்ன நடந்திருக்குன்னு புரிஞ்சுக்கறவன் அந்த பிரஸ் முன்னாடி நிக்கறவன் மட்டும்தான். ஆபீஸ்ல இருந்து வந்த ஆளு பட்டன் ரெண்டும் வேலை செய்யுதுன்னு டிக் அடிச்சிட்டு போயிடுவாரு.

மூணாவது கான்ட்ராக்ட் ஆளுங்க. பெங்களூருல லோடிங், ஹவுஸ்கீப்பிங், பெயின்டிங், டேங்க் க்ளீனிங் எல்லாம் பெரும்பாலும் கான்ட்ராக்ட்தான், கிருஷ்ணகிரி திருவண்ணாமலையில இருந்து வந்த நம்ம ஆளுங்க, ஒடிஷா பீகார் பசங்க, ராய்ச்சூர் கலபுர்கி பக்கம் இருந்து வந்தவங்க. ஆபத்தான வேலையை இவங்ககிட்ட கொடுத்துட்டு கமிட்டியில பர்மனென்ட் ஆளை மட்டும் வச்சா அந்த கமிட்டிக்கு விஷயமே வந்து சேராது. “அவங்க எங்க பேரோல்ல இல்ல”ன்னு ஹெச்.ஆர் சொல்லுவாங்க. பேரோல் யாருதா இருந்தாலும் விழறது உங்க கூரையில இருந்துதானேன்னு கேளுங்க. கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு ஒரு சீட் கண்டிப்பா கேட்டு வாங்கணும், அவரு பேரை கான்ட்ராக்டர் இல்ல, அந்த ஆளுங்களே சொல்லணும், கமிட்டியில இருக்கற வரைக்கும் கேட்டுக்காம அவரை வேற சைட்டுக்கு மாத்த மாட்டோம்னு எழுத்துல வாங்கிக்கணும்.

நாலாவது பெண்கள். கார்மென்ட்ஸ்ல லைன் பூரா பெண்கள், கமிட்டில பார்த்தா பூரா ஆம்பளைங்க, இது எந்த ஊர் நியாயம். டாய்லெட்டுக்கு டோக்கன் முறை, நாள் பூரா நின்னுகிட்டே செக்கிங், அயர்னிங் டேபிள்கிட்ட அந்த அனல், ஊசி விரல்ல ஏறினா டி.டி. ஊசி போட யாரு கூட்டிட்டு போறது, கர்ப்பமா இருக்கற பொண்ணை எங்க உக்கார வைக்கறது, இதெல்லாம் சேஃப்டி கமிட்டி பேச வேண்டிய விஷயம். ஒர்க்கர்ஸ்ல பாதி பேர் பெண்கள்னா ஒர்க்கர் சீட்லயும் பாதி பெண்களா இருக்கணும், இது என் அபிப்ராயம், இதுல நான் விட்டுக்கொடுக்க தயாரா இல்ல.

தேர்தல்ல நிக்க சொல்லி கேக்கும்போது எல்லா இடத்துலயும் இதே பேச்சுதான் வரும்:

“அக்கா, இந்த தடவை பேக்கிங்ல இருந்து நீங்க நில்லுங்க.”

“நான் எங்க தம்பி, எனக்கு கன்னடம் பேச வரும், படிக்க வராது. இங்கிலீஷ் சுத்தமா தெரியாது. சாருங்க எல்லாம் உக்காந்திருக்கற இடத்துல நான் என்னத்த பேசுவேன்?”

“நீங்க தமிழ்லயே சொல்லுங்கக்கா, எழுதறது என் பொறுப்பு. ஸ்ட்ராப்பிங் மெஷின் யாரு கையை எத்தனை தடவை கடிச்சிருக்குன்னு உங்களை விட யாருக்கு தெரியும்?”

அந்த அக்கா கேக்கற கேள்வி நியாயமான கேள்வி, அதுக்கு கம்பெனி பதில் வச்சிருக்கணும். நாமினேஷன் ஃபார்ம் கன்னடம், தமிழ், ஹிந்தி மூணுலயும் இருக்கணும். ஓட்டுச் சீட்டுல பேரோட போட்டோவும் போடுங்க, ஐடி கார்டுக்கு எடுத்த போட்டோ எப்படியும் சிஸ்டம்ல இருக்கும். மீட்டிங்ல யார் எந்த பாஷையில வேணா பேசலாம்னு முதல் மீட்டிங்லயே மினிட்ஸ்ல, அதாவது மீட்டிங் குறிப்புல, எழுதிடுங்க. மினிட்ஸை இங்கிலீஷ்ல டைப் பண்ணாலும் கையெழுத்துக்கு முன்னாடி ஒருத்தர் வாய்விட்டு அவங்க பாஷையில சொல்லணும், புரியாம கையெழுத்து போட்டா நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா “கமிட்டியே ஓகே சொல்லிடுச்சு”ன்னு அந்த கையெழுத்தைதான் காட்டுவாங்க.

தேர்தல் நடத்தறது எப்படின்னா, ரெண்டு வாரம் முன்னாடி நோட்டீஸ் ஒட்டுங்க, கேன்டீன்லயும் பஞ்சிங் மெஷின் கிட்டயும், ஹெச்.ஆர் கேபின் வாசல்ல மட்டும் இல்ல. நாமினேஷன் ஒரு வாரம் திறந்து வைங்க. அந்தந்த செக்ஷன்ல ஷிப்ட் மாறற நேரத்துல ஓட்டு வைங்க, அப்போதான் ரெண்டு ஷிப்ட்டும் போட முடியும், நைட் ஷிப்ட்டுக்கு பெட்டியை எடுத்துட்டு போங்க. ரகசிய ஓட்டுதான், கை தூக்கச் சொல்லாதீங்க, சூப்பர்வைசர் பார்த்துட்டு இருக்கும்போது எவன் கை தூக்குவான். எண்ணும்போது யூனியன் ஆளு ஒருத்தர், நிக்காத ஒர்க்கர் ஒருத்தர், ஹெச்.ஆர் ஒருத்தர் இருந்தா போதும். ஒரு செக்ஷன்ல ஒரே ஒருத்தர்தான் நின்னாருன்னா கூட அந்த செக்ஷனை கூப்பிட்டு “இவரு ஓகேவா”ன்னு கேட்டுட்டு போடுங்க, நாளைக்கு அவரு பேசும்போது பின்னாடி ஆளு இருக்குன்னு அவருக்கும் தைரியம் வரும்.

யாருக்கு ஓட்டு போடறதுன்னு குழப்பமா இருந்தா நான் சொல்றது இதான். ஃபர்ஸ்ட் எய்ட் ட்ரெய்னிங் போனவரு, சேஃப்டி வீக்ல ஸ்லோகன் எழுதி பிரைஸ் வாங்கினவரு, எல்லாருக்கும் நல்லவரு, இவங்க எல்லாம் தப்பான ஆளுங்க இல்ல, ஆனா அதுவே தகுதி ஆயிடாது. மெஷின் எப்ப மக்கர் பண்ணும்னு தெரிஞ்சவரா, புதுசா வந்த பையன் வந்து தயங்காம “அண்ணா ஷாக் அடிக்குது”ன்னு சொல்ற மாதிரி ஆளா, மேனேஜர் குரலை உசத்தினாலும் கத்தாம அதே விஷயத்தை மறுபடி சொல்ற ஆளா, இதைப் பாருங்க. வாய் ஜாஸ்தி இருக்கறவரை விட நோட்டுல தேதி போட்டு எழுதி வைக்கறவரு ரொம்ப உபயோகம்.

ஜெயிச்ச அப்புறம்

அப்பாயின்ட்மென்ட் லெட்டர் ஒவ்வொருத்தருக்கும் கையில கொடுக்கணும், கம்பெனி லெட்டர்ஹெட்ல, ஃபேக்டரி மேனேஜர் கையெழுத்தோட. அதுல இருக்க வேண்டியது எந்த செக்ஷனுக்கு மெம்பர், எந்த தேதியில இருந்து எந்த தேதி வரைக்கும், மாடல் ரூல்ஸ்ல ரெண்டு வருஷம், மீட்டிங்குக்கும் ரவுண்ட்ஸுக்கும் போற நேரம் டியூட்டி நேரமா கணக்காகும், சம்பளம் இன்சென்டிவ் எதுவும் பிடிக்க மாட்டோம்ங்கறது. இந்த இன்சென்டிவ் வரியை விட்டுடாதீங்க, பீஸ் கணக்குல காசு வாங்கறவங்க ரெண்டு மணி நேரம் மீட்டிங்ல உக்காந்தா அன்னிக்கு காசு போச்சு, மூணாவது மீட்டிங்ல இருந்து வரமாட்டாங்க, அப்புறம் “ஒர்க்கர்ஸுக்கே இன்ட்ரஸ்ட் இல்ல”ன்னு சொல்லிடுவாங்க. லிஸ்ட்டை போட்டோவோட ஒட்டுங்க, எந்த ஷிப்ட்ல இருப்பாருன்னும் போடுங்க.

மீட்டிங் மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது நடக்கணும்னு மாடல் ரூல்ஸ்ல இருக்கு, மினிட்ஸ் எழுதி ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் கேட்டா காட்டணும். மூணு மாசம் ரொம்ப லேட், மாசம் ஒரு தடவை வைங்க, அதுக்கு முந்தின நாள் மெம்பர்ஸ் எல்லாம் சேர்ந்து ஒரு ரவுண்ட் நடங்க. முதல் மீட்டிங்ல கேக்க வேண்டியது கடந்த ஒரு வருஷத்து ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர், ஃபர்ஸ்ட் எய்ட் ரிஜிஸ்டர், இ.எஸ்.ஐக்கு அனுப்பின கேஸ் லிஸ்ட். மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க, ஒண்ணுல இருக்கற அடி இன்னொண்ணுல இல்லன்னா அங்க இருந்து பேச்சை ஆரம்பிங்க. ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் யாரு செய்யணும், எந்த தேதிக்குள்ளன்னு ரெண்டு கட்டம் இல்லாத மினிட்ஸ்ல கையெழுத்து போடாதீங்க.

மெம்பரோட பவர் வெறும் ஆலோசனை சொல்றது மட்டும்னு நெனச்சுக்காதீங்க. புது கோட்ல 14வது செக்ஷன் படி உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்துன்னு ஒரு ஒர்க்கருக்கு நியாயமா தோணினா, நேராவோ சேஃப்டி கமிட்டி மெம்பர் மூலமாவோ முதலாளிக்கு சொல்லலாம், அதே நேரத்துல இன்ஸ்பெக்டருக்கும் சொல்லலாம். புது சட்டத்துல அவருக்கு இன்ஸ்பெக்டர்-கம்-ஃபெசிலிடேட்டர்னு பேரு. ஆபத்து இருக்குன்னு முதலாளி ஒத்துக்கிட்டா உடனே சரி பண்ணி இன்ஸ்பெக்டருக்கு ரிப்போர்ட் அனுப்பணும், ஒத்துக்கலன்னா விஷயத்தை இன்ஸ்பெக்டர்கிட்ட அனுப்பணும், அவரு முடிவுதான் இறுதி. வாயால சொல்லாதீங்க, மெயிலோ, கார்பன் வச்ச நோட்டுல எழுதி ரிசீவ்டு சீல் வாங்கியோ வைங்க. மெம்பர் ஆனவங்களுக்கு இந்த 14வது செக்ஷன் விஷயத்தை ஒரு பக்கமா தமிழ்லயோ கன்னடத்துலயோ பிரிண்ட் எடுத்து லெட்டரோட சேர்த்து கொடுத்துடுங்க.

கம்பெனி கமிட்டியே போடலன்னா முதல்ல ஒரு பத்து பேராவது கையெழுத்து போட்டு ஃபேக்டரி மேனேஜருக்கு லெட்டர் கொடுங்க, தனியா ஒருத்தர் பேர்ல வேண்டாம், மாட்டிக்குவாரு. பதில் இல்லன்னா அந்த காப்பியோட ஃபேக்டரீஸ் டிபார்ட்மென்ட்டுக்கு போங்க, யூனியன் இல்லாத இடம்னா சி.ஐ.டி.யு, ஏ.ஐ.டி.யு.சி மாதிரி சங்கங்களோட ஆபீஸ் ஊருக்குள்ள இருக்கு, லெட்டர் எழுதறதுக்கு கேட்டுப் பாருங்க.

இதுக்கு மேல கவர்மென்ட் லெவல்லயும் போர்டு இருக்கு, அது நிறைய பேருக்கு தெரியாது. கோட் படி தேசிய அளவுல ஒரு ஆலோசனை போர்டு, அதுக்கு மத்திய தொழிலாளர் அமைச்சக செக்ரட்டரிதான் தலைவர், அதே மாதிரி ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் ஒரு போர்டு. பாதுகாப்பு ஸ்டாண்டர்ட்ஸ், ரூல்ஸ் பத்தி அரசாங்கத்துக்கு சொல்ற இடம் அது. மெம்பர்ஸை அரசாங்கம்தான் நியமிக்கும். தொழிலாளி பக்கம் போற ஆளு யாருன்னு உங்க யூனியன் கிட்ட கேளுங்க, வருஷக்கணக்கா ஆபீஸ்ல மட்டும் உக்காந்திருக்கற தலைவர் பேரோட, ஃப்ளோர்ல கமிட்டி மெம்பரா இருந்து கையில மினிட்ஸ் வச்சிருக்கற ஒருத்தர் பேரும் போகணும்னு ஜெனரல் பாடியில தீர்மானமா போட்டு அனுப்புங்க. கார்மென்ட்ஸ்ல இருந்து, கட்டட வேலையில இருந்து பெண் பேரு ஒண்ணு அந்த லிஸ்ட்ல இருக்கான்னு பாருங்க.

கடைசியா, மெம்பர் யாராவது வேலையை விட்டுட்டா, ஊருக்கு போயிட்டா, ப்ரமோஷன்ல சூப்பர்வைசர் ஆயிட்டா அந்த சீட்டுக்கு அதே செக்ஷன்ல ஒரு மாசத்துக்குள்ள மறுபடி ஓட்டு வைங்க, ஹெச்.ஆரே ஒரு ஆளை போட்டு நிரப்பிடக் கூடாது. போறவரு வர்றவருக்கு ஒரு ஃபைல் கொடுத்துட்டு போகணும், மினிட்ஸ் காப்பி, முடியாத பாயின்ட் லிஸ்ட், அவரு எழுதி வச்ச நோட்டு. ரெண்டு பேரும் ஒரு ஷிப்ட் சேர்ந்து நடந்து எந்த மெஷின்ல எந்த கார்ட் கழட்டி வச்சிருக்காங்க, எந்த சுவிட்ச் போர்டுல கவர் இல்லன்னு இடத்துலயே நின்னு காட்டிட்டு அப்புறம் ஃபைல்ல கையெழுத்து மாத்திக்கோங்க.